80 வயது மஞ்சள் விமானம் இன்னும் பறப்பது எப்படி? அதை வாங்கினால் என்னென்ன வேலை இருக்கு?

ஒரு ஃபார்ச்சூனர் கார் வாங்கும் காசுக்கு அமெரிக்காவில் ஒரு விமானமே வாங்கிவிடலாம். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். 1946-ல் செய்தது, இரண்டு பேர் உட்காரலாம், மஞ்சள் நிறம், பெயர் பைப்பர் ஜே-3 கப். நிலையைப் பொறுத்து 30,000 டாலரிலிருந்து 60,000 டாலர் வரை விலை சொல்வார்கள். 40,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் நம்ம ஊர் கணக்கில் சுமார் 35 லட்சம் ரூபாய். சென்னையில் ஃபார்ச்சூனரின் ஆன்-ரோடு விலை இதைவிட அதிகம்.

கேட்டதும் அடுத்த கேள்வி தானாக வரும். 80 வருஷப் பழைய விமானத்துல யாராச்சும் ஏறுவாங்களா? ஏறுகிறார்கள். பலர் அதிலேயேதான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். 80 வருஷப் பழைய பஸ்ஸில் ஏறத் தயங்குகிற நாம், இதில் எப்படி நம்பி ஏறுவது?

முதலில் இது என்ன விமானம் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

எண்ணெய் வியாபாரி வாங்கிய கம்பெனி

டெய்லர் என்ற சகோதரர்கள் ஆரம்பித்த விமானக் கம்பெனி, 1930-களின் தொடக்கத்துப் பொருளாதார மந்தத்தில் திவாலானது. அதில் ஏற்கனவே பணம் போட்டிருந்த வில்லியம் பைப்பர் என்ற எண்ணெய் வியாபாரி, ஆயிரம் டாலருக்கும் குறைவான தொகைக்கு அதன் சொத்துகளை ஏலத்தில் எடுத்தார். 1937-ல் பிராட்ஃபோர்டு ஊரிலிருந்த தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. பென்சில்வேனியாவிலேயே லாக் ஹேவன் என்ற சிற்றூரில் மூடிக் கிடந்த ஒரு பட்டு ஆலைக்குக் குடிபோனார்கள். அங்கிருந்து வந்ததுதான் ஜே-3 கப். ஆரம்ப விலை ஆயிரம் டாலரைத் தாண்டி கொஞ்சம்.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்க அரசு கல்லூரிப் பையன்களுக்கும் பெண்களுக்கும் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, பெரும்பாலானோர் கற்றது இந்த மஞ்சள் விமானத்தில்தான். ராணுவமும் ஆலிவ் பச்சை அடித்து 5,000-க்கு மேல் வாங்கியது. 1947-ல் உற்பத்தி நிற்கும்போது மொத்தம் சுமார் 20,000 விமானங்கள் வெளியே வந்திருந்தன. இன்றைக்கும் உதிரிபாகம் கிடைப்பதற்கு இந்த எண்ணிக்கைதான் காரணம். 50 மட்டும் செய்த அரிய விமானத்தை வாங்கியவர் ஒரு போல்ட்டுக்கு உலகம் பூரா மெயில் போட வேண்டும். கப் வைத்திருப்பவருக்கு கொலராடோவில் இருக்கும் யூனிவேர் போன்ற கம்பெனிகள் இறக்கைக்கான பாகம் முதல் கதவுக் கொக்கி வரை புதிதாகவே செய்து அனுப்புகின்றன.

விமானத்தின் காலி எடை சுமார் 350 கிலோ. இரண்டு கிளாசிக் 350 புல்லட் சேர்ந்தால் இதைவிட அதிகம். என்ஜின் 65 குதிரைத்திறன். சாதாரண வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். எதிர்க்காற்று அடித்தால் கீழே நெடுஞ்சாலையில் போகும் லாரி நம்மை முந்திப் போவதைப் பார்க்கலாம்.

அப்படி என்றால் எது பழசு?

கப்பின் உடம்பு இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த ஒரு கூடு. இறக்கைக்குள்ளே நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு ஆரம்ப காலத்தில் ஸ்ப்ரூஸ் மரம், பிற்பாடு அலுமினியம். இதற்கு மேல் போர்த்தியிருப்பது துணி. ஆமாம், துணிதான். அந்தக் காலத்தில் பருத்தி. அதன் மேல் டோப் என்ற திரவத்தைப் பூசினால் துணி இறுகி, தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வரும். இப்போது பாலியஸ்டர். அதை அயர்ன் பாக்ஸ் வைத்துத்தான் சுருக்குகிறார்கள். சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்து, படிப்படியாக 175 டிகிரி செல்சியஸ் பக்கம் ஏற்றித் தேய்த்தால் துணி கூட்டின் மேல் விறைப்பாக இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு மெழுகு பூசிய நூலால் இறக்கையின் ஒவ்வொரு விலா எலும்போடும் சேர்த்து, முடிச்சு மேல் முடிச்சாகத் தைக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் துணியைத் தின்றுவிடாமல் இருக்க அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு. கடைசியில்தான் மஞ்சள்.

பருத்தித் துணி சில வருடங்களுக்கே தாங்கியது. பாலியஸ்டர் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டு ஓடும். எப்படியானாலும் ஒரு நாள் கிழித்துப்போட்டுப் புதிதாகப் போர்த்தித்தான் ஆக வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் கூடு வெளிச்சத்துக்கு வரும். துருப்பிடித்த குழாயை வெட்டி எடுத்து வேறு குழாய் வெல்டிங் செய்வார்கள், வெடித்த மரத்தை மாற்றுவார்கள், என்ஜினைப் பிரித்து சிலிண்டர் மாற்றுவார்கள். இப்படி நாலைந்து முறை நடந்தபின் '1946 மாடல்' என்று சொல்லும் விமானத்தில் 1946-ன் பாகங்கள் எத்தனை மிச்சம்?

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். இன்று அதன் கீழே உருள்வது திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரம். அதனால் அது வேறு தேர் என்று யாராவது சொல்கிறோமா? விமானத்துக்கும் அப்படித்தான். சட்டப்படி அதன் அடையாளம், சீரியல் நம்பர் பொறித்த சின்ன உலோகத் தகடு. அந்தத் தகடும், பிறந்ததிலிருந்து நடந்த வேலையெல்லாம் எழுதிய லாக் புத்தகமும் இருந்தால் விமானம் உயிரோடு இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் விலை விழும். எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது என்பதால் அடுத்து வாங்குபவர் தயங்குவது நியாயம்தான்.

பழசாக இருப்பதால் மட்டும் கப் ஆபத்தானது இல்லை. கடைசியாகத் துணியைக் கிழித்துப் பார்த்தவர் என்ன பார்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார் என்பதில்தான் விஷயமே இருக்கு.

கண்ணுக்குத் தெரியாத துரு

கப்பின் இறக்கையிலிருந்து உடம்பின் அடிப்பக்கத்துக்குச் சாய்வாக இறங்கும் குழாய்களை ஸ்ட்ரட் என்பார்கள். பறக்கும்போது விமானத்தின் பாரத்தைப் பெருமளவு தாங்குவது இவைதான். ஒன்று உடைந்தால் இறக்கை மடங்கிவிடும். பிறகு பைலட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

பழைய ஸ்ட்ரட்களில் ஒரு சிக்கல் உண்டு. குழாய் உள்ளே வெற்றிடம். மழை ஈரமும் பனி ஈரமும் உள்ளே புகுந்து, சாய்வாக இருப்பதால் கீழ் முனையில் போய்த் தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் பளபளவென்று பெயின்ட், உள்ளே சுவர் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 1993-ல் இதற்காகவே ஒரு கட்டாய உத்தரவு போட்டது. 2015-ல் அதைப் புதுப்பித்தது. அதன்படி பழைய பாணி ஸ்ட்ரட்களை 2 வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை ரொம்ப எளிமையானது. பழைய துணியின் பலத்தைச் சோதிக்க, ஸ்பிரிங் வைத்த, பேனா மாதிரி ஒரு கருவி உண்டு. அதையே ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதியில் வரிசையாக அழுத்திக்கொண்டே போவார்கள். எங்காவது குழி விழுந்தால் அந்த ஸ்ட்ரட் குப்பைக்கு. அல்ட்ராசவுண்ட் வைத்தும் பார்க்கலாம். முழுக்க அடைத்து சீல் செய்த புது ஸ்ட்ரட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால், விலை பேசும்போது ரேடியோ இருக்கா, பெயின்ட் புதுசா என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் ஸ்ட்ரட் மாற்றியாச்சா என்று கேட்க வேண்டும்.

அடுத்த இடம் வால். கப் நிற்கும்போது மூக்கு மேலே, வால் கீழே. எனவே உள்ளே போன தண்ணீர் எல்லாம் வால் பக்கக் குழாய்களில் போய்ச் சேரும். துணியின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. புதிதாகத் துணி போர்த்தியவர் அந்த ஓட்டைகளைத் திறக்க மறந்துபோனால், பளபளக்கும் புது இறக்கைக்குள் தண்ணீர் நிற்கும். சாதாரண மறதிதான், ஆனால் பல வருடம் கழித்துத்தான் பில் வரும்.

அப்புறம் எலி. சிரிக்காதீங்க. ஹாங்கரில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும் விமானத்தின் இறக்கை எலிக்குச் சொந்த வீடு. கூடு கட்டினால் கூட பரவாயில்லை, எலியின் சிறுநீர் அலுமினிய விலா எலும்புகளை அரித்துவிடும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது.

அதனால்தான் விமானம் வாங்கும் முன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, இந்த வகையில் பழக்கமான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்த மெக்கானிக்கின் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்து வாங்கியவர்களின் கதை எல்லாம் ஒரே மாதிரிதான் முடிகிறது. முதல் வருடாந்திர சோதனையில் மெக்கானிக் துணியில் ஓட்டை போட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறார், தலையைச் சொறிகிறார்.

வீட்டிலேயே ரிப்பேர் பண்ணலாமா?

கொஞ்சம் பண்ணலாம். அமெரிக்கச் சட்டம் லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்குச் சில வேலைகளை அனுமதிக்கிறது. ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது எல்லாம் அதில் உண்டு. துணியில் சின்னக் கிழிசலுக்கு ஒட்டுப்போடுவதுகூட உண்டு, விலா எலும்போடு தைக்க வேண்டியிராத இடமாக இருந்தால். மற்றதெல்லாம் லைசென்ஸ் பெற்ற மெக்கானிக்கின் பொறுப்பு. ஆனால் அவர் மேற்பார்வையில் நீங்களே உங்கள் கையால் வேலை செய்யலாம். அவர் பார்த்து, திருப்தியானால் கையெழுத்துப் போடுவார். கார் ஷெட்டில் இறக்கையை விரித்துவைத்து, சனி, ஞாயிறு மட்டும் வேலை பார்த்து, முழு விமானத்தையும் புதுப்பிக்கும் குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன. முழுதாகப் பிரித்துக் கோர்க்க ஆயிரம் மணிநேரத்துக்கு மேல் ஆவது சகஜம். வாரம் 10 மணிநேரம் கொடுத்தால் இரண்டு வருஷம். பாதியில் நின்றுபோன 'ப்ராஜெக்ட்' விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வருவதன் ரகசியமும் இதுதான்.

இது தவிர 12 மாதத்துக்கு ஒரு முறை கூடுதல் அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் முழுதாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் பறக்க முடியாது. துணி, மரம், பழைய என்ஜின் மூன்றும் தெரிந்த மெக்கானிக்குகளில் பலருக்கு வயதாகிவிட்டது. புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கு ஏர்லைன்ஸில் நல்ல சம்பளம். காசு இருந்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் நிற்கும் விமானம் என்பது அங்கே இப்போது நிஜமான கவலை.

ஸ்டார்ட் பட்டன் எங்கே?

கிடையாது. பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. புரொப்பல்லரை ஒருவர் கையால் சுழற்றிவிட வேண்டும். வாலைக் கயிற்றால் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, உள்ளே பிரேக் மிதிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துச் செய்ய வேண்டிய வேலை. தனியாக வந்து, கட்டாமல் சுழற்றி, விமானம் பைலட் இல்லாமல் தானே ஓடிப்போய் வேலியில் மோதிய சம்பவங்கள் உண்டு. சுழற்றியவர் கை புரொப்பல்லரில் மாட்டிய சம்பவங்களும் உண்டு.

மின்சாரம் இல்லாததால் ஒரு சலுகையும் கிடைக்கிறது. 2020 முதல் அமெரிக்காவில் பரபரப்பான வான்பகுதிகளில் பறக்கும் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவியை வைத்திருக்க வேண்டும். பிறந்தபோதே மின்சார அமைப்பு இல்லாத விமானங்களுக்குப் பல இடங்களில் இதிலிருந்து விலக்கு. பெரிய ஏர்போர்ட்டுகளைச் சுற்றியுள்ள நெருக்கமான பகுதிக்குள் மட்டும் போகக் கூடாது.

பெட்ரோல் அளவு காட்டுவது, மிதக்கும் கார்க்கில் குத்திய ஒரு கம்பி. டேங்க் மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். டேங்க் 45 லிட்டர், மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். 80 வருஷமாக இந்தக் கம்பி ஹேங் ஆனதில்லை, அப்டேட்டும் கேட்டதில்லை.

பெட்ரோலில் வேறு ஒரு சிக்கல். இந்த என்ஜின் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இன்று விமான நிலையங்களில் பொதுவாகக் கிடைப்பது ஈயம் கலந்த 100 ஆக்டேன். அந்த ஈயம் பழைய என்ஜினின் பிளக்கில் படிந்து அடைக்கும், காற்றில் கலந்து குழந்தைகள் மூளையையும் பாதிக்கும் என்பதால் அதை 2030-க்குள் ஒழிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். தனி அனுமதி வாங்கினால் கார் பெட்ரோலும் போடலாம். ஆனால் எத்தனால் கலக்காததாக இருக்க வேண்டும். பழைய ரப்பர், கார்க் மேல் பூசிய வார்னிஷ் எதுவும் ஆல்கஹாலுக்குத் தாங்காது. நம்ம ஊர் இ20 பெட்ரோலை இதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

மெதுவாகப் போவதால் பாதுகாப்பா?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தரையிறங்கும் விமானம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். தோன்றக் கூடாது.

கப்பின் மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கிறது. எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. சூப்பர் மார்க்கெட் டிராலியைப் பின்பக்கமாக வேகமாகத் தள்ளிப் பாருங்கள், கொஞ்சம் திரும்பினாலும் அது முழுதாகச் சுற்றிக்கொள்ளப் பார்க்கும். தரையில் ஓடும் கப்புக்கும் அதே குணம். பக்கக்காற்றில் கால் ஒரு நொடி தூங்கினால் விமானம் சுழன்று இறக்கை முனை தரையில் உரசும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஐந்து நொடியில் போய்விடும். இதற்காகவே அங்கே வால்சக்கர விமானம் ஓட்டத் தனிப் பயிற்சியும் பயிற்சியாளரின் கையெழுத்தும் கட்டாயம்.

உயிர் போகும் விபத்துகள் வேறு மாதிரி நடக்கும். நண்பர் வீட்டுக்கு மேலே தாழ்வாக, மெதுவாக வட்டமடித்து, கீழே பார்த்துக் கையசைப்பது. இந்த விமானத்தில் வேகம் குறைந்தால் கத்தும் எச்சரிக்கை ஒலி கிடையாது. இறக்கை தாங்கும் சக்தியை இழந்தால் திரும்பப் பிடிக்க உயரம் வேண்டும், தாழ்வாகச் சுற்றும்போது அந்த உயரம் இருக்காது.

இன்னொன்று, கேட்டால் நம்ப மாட்டீங்க. நல்ல வெயில் நாளில் என்ஜினுக்குள் ஐஸ் பிடிக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்றழுத்தம் குறையும்போதும் வெப்பம் சட்டென்று இறங்கும். வெளியே 20 டிகிரியாக இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே உறைந்து காற்றுவழியை அடைத்துவிடும். என்ஜின் சத்தம் மெல்ல மங்கும். அதற்காகச் சூடான காற்றை உள்ளே விடும் ஒரு குமிழ் இருக்கிறது. இறங்கத் தொடங்கும் முன்பே அதை இழுக்கப் பழக வேண்டும்.

நம்ம ஊரில்?

இந்தியாவின் சிவில் விமானக் கதையே இதுபோன்ற குட்டி விமானத்தில்தான் ஆரம்பித்தது. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது ஒரு பஸ் மாத் விமானத்தில். அங்கிருந்து பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். 1982-ல், 78 வயதில், அதே வழியில் ஒரு லெபர்டு மாத் விமானத்தில் டாடா மறுபடி பறந்து காட்டினார்.

1958-ல் முதலில் பறந்த எச்.ஏ.எல். புஷ்பக், அமெரிக்காவின் ஏரோன்கா சீஃப் சாயலில் செய்தது. கப்பைப் போலவே இரும்புக் குழாயும் துணியும்தான். நம்ம ஃப்ளையிங் கிளப்களில் ஒரு தலைமுறையே அதில் கற்றது. இந்திய விமானப்படையும் ஒரு டைகர் மாத்தைப் பிரிட்டனில் புதுப்பித்து எடுத்துவந்து, 2012 விமானப்படை தினத்தில் பறக்கவிட்டது. ஆனால் தனி ஆள் ஒருவர் வார இறுதியில் தன் பழைய விமானத்தை ஓட்டும் பழக்கம் இங்கே வேர்பிடிக்கவில்லை. ஊருக்கு ஊர் சின்ன ஓடுபாதை, துணி தைக்கத் தெரிந்த மெக்கானிக், தபாலில் வரும் உதிரிபாகம், கூடி உட்கார்ந்து பேச நாலு பேர் என்று எல்லாம் சேர்ந்திருந்தால்தான் இது நடக்கும். லாக் ஹேவனில் பைப்பர் தொழிற்சாலை 1980-களிலேயே மூடிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் கப் வைத்திருப்பவர்கள் அந்த ஊர்ப் புல்வெளி ஓடுபாதைக்குப் பறந்துவந்து, இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

வாங்காமலும் ஏறிப் பார்க்கலாம். வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்கா போகிறவர்கள், வால்சக்கரப் பயிற்சி தரும் பள்ளியைத் தேடினால் மணிக்கணக்கில் கப் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். எடைச் சமநிலைக்காக, தனியாக ஓட்டுபவர் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும், அதனால் மாணவரின் இடமும் அதுதான். மீட்டர்கள் எல்லாம் முன் சீட்டுக்கு முன்னால். பின்னால் இருக்கும் உங்களுக்குப் பயிற்சியாளரின் தோள்தான் தெரியும். வேகம் எவ்வளவு என்று பார்க்க அவரைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்கள்.